சத்தியாணுவிரதமும் நமது வாக்குரிமையும்



இல்லறத்தார்க்கென வகுக்கப்பெற்ற அணுவிரதங்கள் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, மிகுபொருள் விரும்பாமை என ஐந்து. இவற்றுள் முதலாவதைக் காப்பதில் நம் குடும்பங்கள் கொண்டுள்ள கவனத்தை ஊரார் அறிவர். கதிரவன் மறைந்தபின் நாம் உண்பதில்லை. துணியால் வடிகட்டாத நீரைப் பருகுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிருக்கும் நம்மால் ஊறு நேரலாகாது என்று அஞ்சுகிறோம். ஆனால் இரண்டாம் விரதமாகிய பொய்யாமையில் அத்துணைக் கவனம் நமக்கு உண்டா? நாமாகப் பொய் சொல்வதில்லை. அவ்வளவில் விரதம் நிறைவுற்றது என்று எண்ணி அமைதி கொள்கிறோம். பிறர் சொன்ன பொய்யை ஆராயாமல் எடுத்துச் சென்று பலரிடம் சேர்ப்பவருக்கு அவ்விரதம் நிலைக்குமா என்பதே இன்று நாம் சிந்திக்கவேண்டிய வினா.

இவ்வினா நூலைப் படித்து எனக்குள் எழுந்ததன்று. நான் செய்த பிழையிலிருந்து எழுந்தது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன். குற்றத்தை மறையாது உரைத்தலாகிய ஆலோசனையும், அதனின்றும் மீளுதலாகிய பிரதிக்கிரமணமும் நம் முன்னோர் காட்டிய வழிகள் அல்லவா?

2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். மக்களவைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கைப்பேசிக்கு வாட்ஸ்அப் வழியாக ஒரு செய்தி வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிடினும் கவலை வேண்டாம். ஆதார் அட்டையைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ கேட்டால் வாக்களிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. சட்டப் பிரிவின் எண்ணும் கொடுக்கப்பட்டிருந்தது. மக்களுக்குப் பயன்படும் செய்தி என்று கருதி, உறவினர்க்கும் தெருவிலுள்ளோர்க்கும் உடனே அனுப்பினேன்.

எங்கள் தெருவில் எண்பது வயது கடந்த அம்மையார் ஒருவர் இருந்தார். கிராமத்து வீட்டை விட்டு மகனுடன் வாழ வந்தவர். இங்குள்ள பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. படிவம் 6 நிரப்பித் தர அவர் மகன் முனைந்திருந்தார். அதற்கு அப்போது காலமும் இருந்தது. ஆனால் என் செய்தியைக் கேட்ட அம்மையார், “டீச்சரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வேலையை விட்டுவிட்டு நீ ஏன் அலைய வேண்டும்?” என்று மகனைத் தடுத்துவிட்டார். ஏப்ரல் 19 அன்று, கொளுத்தும் வெயிலில், ஆதார் அட்டையுடன் வரிசையில் நின்றார். பட்டியலில் பெயரில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். மாலையில் என்னைக் கண்டபோது ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. “அடுத்த முறை போட்டுக்கொள்ளலாம் டீச்சரம்மா” என்றார். அவ்வாண்டு மகாவீரர் மோட்சம் அடைந்த தீபாவளித் திருநாளைக் காண அவர் இல்லை.

நான் அறியாதவளும் அல்லேன். ஆசிரியப் பணியில் இருந்தபோது பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியாற்றியவள். ‘சேலஞ்ச்’ என்பது, வந்திருப்பவர் உண்மையான வாக்காளர்தாமா என்று வேட்பாளரின் முகவர் இரண்டு ரூபாய் கட்டி எழுப்பும் ஆட்சேபம். ஒருவர் பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்துச் சென்றிருந்தால், உண்மை வாக்காளருக்குத் தனியே வாக்குச்சீட்டு அளிப்பது ‘டெண்டர்’ வாக்கு. இரண்டுமே பட்டியலில் பெயர் உள்ளவரைப் பற்றியவை. பெயர் இல்லாதவருக்கு வாக்கில்லை என்பது எனக்குத் தெரிந்த விதி. தெரிந்திருந்தும் அரை நிமிடம் நின்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்பது ஆண்டு வாழ்ந்த ஒருவரின் இறுதி வாக்கை அந்த அரை நிமிடம் பறித்துவிட்டது.

“நீங்களா எழுதினீர்கள்? வந்ததைத்தானே அனுப்பினீர்கள்?” என்று பலர் ஆறுதல் கூறினர். ஆனால் ஜினாகமம் அந்த ஆறுதலைத் தரவில்லை. மனம், மொழி, மெய் என்னும் மூன்றானும், செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவகையானும் வினை வந்து ஊறும் என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. பொய்யை எழுதியவன் செய்தவன். எழுதப் பொருள் கொடுத்தவன் செய்வித்தவன். மகிழ்ந்து வாங்கி மற்றவர்க்கு அனுப்பியவன் உடன்பட்டவன். மூவர்க்கும் வினையூற்றின் வாயில் திறந்தே இருக்கிறது.

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் பொய்யாமை விரதத்திற்கு நேரும் அதிசாரங்கள், அதாவது வழுக்கள், ஐந்து எனக் கூறப்படுகின்றன. தவறான வழியைக் காட்டுதல் மித்தியோபதேசம். மறைவில் நிகழ்ந்ததை வெளியிடுதல் இரகோப்பியாக்கியானம். பொய்ப் பத்திரம் எழுதுதல் கூடலேககிரியை. அடைக்கலப் பொருளைக் கவர்தல் நியாசாபகாரம். முகக்குறிப்பால் அறிந்த பிறர் எண்ணத்தைத் தீங்கு கருதிப் பரப்புதல் சாகாரமந்திரபேதம். இன்றைய தேர்தல் களத்தை மனத்திற்கொண்டு இவற்றை மீண்டும் எண்ணிப் பாருங்கள். வாக்களிக்கும் முறையைத் திரித்துக் கூறுவது முதலாம் வழு. ஒருவரது தனி வாழ்வின் உரையாடலைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பரப்புவது இரண்டாம் வழு. ஆணையத்தின் முத்திரையிட்டுப் போலிச் சுற்றறிக்கை எழுதுவது மூன்றாம் வழு. கருவிகள் புதியவை, குற்றங்கள் பழையவை.

அதே அத்தியாயம், இவ்விரதத்தை உறுதிப்படுத்தும் பாவனைகள் ஐந்தினையும் கூறுகிறது. சினம், பேராசை, அச்சம், நகை ஆகிய நான்கையும் விடுதல். ஐந்தாவது, ஆராய்ந்து பேசுதலாகிய அனுவீசி பாஷணம். பொய்ச் செய்திகளைப் பரப்புவோர் நம் உள்ளத்தில் நுழைவதற்குப் பயன்படுத்தும் வாயில்களும் இந்நான்கே என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் நமக்கு உணர்த்துகின்றன.

முதலில் அச்சம். திருமலையில் கோயில் கொண்டுள்ள நேமிநாதரை வணங்கப் போளூர் வழியே சென்றவர் நம்மில் பலர். அந்தப் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதிக்கு, 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், குலதெய்வ வழிபாட்டிற்காகச் சென்னையிலிருந்து உறவினருடன் காரில் வந்தார் ஒரு மூதாட்டி. வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளைகளைக் கடத்தும் கூட்டம் வந்துள்ளது என்ற வதந்தி முன்னரே கைப்பேசிகளில் பரவியிருந்தது. ஊர் திரண்டது, அம்மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார், உடன் வந்தோர் காயமுற்றனர். அடித்தவர் சிலர். ஆனால் அவ்வச்சத்தை ஊட்டிய செய்தியை எத்தனை இல்லங்கள் ‘நல்லெண்ணத்துடன்’ அனுப்பியிருக்கும்! நீரை வடிகட்டிப் பருகும் நம் வீடுகளிலிருந்தும் அச்செய்தி சென்றிருக்கலாம் என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. பொய்யாமை தவறிய இடத்தில் கொல்லாமையும் உடன் வீழ்ந்தது.

அடுத்தது சினம். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்று காணொளிகள் பரவின. அவற்றுள் சில வேறு மாநிலங்களில் வேறு காரணங்களால் நிகழ்ந்தவை. பீகாரில் அரசியல் கொந்தளித்தது. தமிழ்நாட்டில் பணிபுரிந்த தொழிலாளர் பலர் அஞ்சினர். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. பரப்பப்பட்ட காணொளிகள் போலி என்று தமிழகக் காவல்துறை விளக்கி, பரப்பியவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. ஒரு மாநில மக்களை இன்னொரு மாநில மக்கள்மீது சினங்கொள்ளச் செய்யச் சில நிமிடக் காட்சிகள் போதுமானவையாக இருந்தன.

மூன்றாவது பேராசை. இந்த இணைப்பைத் தொட்டால் அரசின் பணம் உங்கள் கணக்கில் சேரும் என்று தேர்தல் காலங்களில் வரும் செய்திகள் இவ்வாயிலில் நுழைபவை. நான்காவது நகை. ஒரு தலைவரின் பேச்சில் முன்பின் வெட்டி, அவர் சொல்லாததைச் சொன்னதாக்கிச் சிரிக்க வைப்பர். “வேடிக்கைக்குத்தானே” என்று அனுப்புகிறோம். பத்தாவது கைக்குப் போகும்போது வேடிக்கை உதிர்ந்துவிடும். பொய் மட்டும் எஞ்சி நிற்கும்.

இந்நான்கையும் அடக்கும் கருவி ஐந்தாம் பாவனையாகிய ஆராய்ந்து பேசுதல். அஃது எவ்வாறு செய்யத்தக்கது என்பதற்கு வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணத்திலேயே ஒரு கதை உண்டு. நம் பாட்டியர் வாயால் கேட்ட கதைதான். இன்றைய நோக்கில் மீண்டும் நினைவு கொள்வோம்.

சிம்மபுரத்தை ஆண்ட சிம்மசேன மன்னனின் அமைச்சன் ஸ்ரீபூதி. அவனது வாய்மையைப் புகழ்ந்து மக்கள் அவனைச் ‘சத்தியகோடன்’ என்றே அழைத்தனர். பத்திரமித்திரன் என்னும் வணிகன், தான் ஈட்டிய மணிகளை அவனிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். திரும்பி வந்து கேட்டபோது அமைச்சன், “உன்னை நான் அறியேன்” என்றான். அம்மட்டோடு விடவில்லை. இவன் பித்தன் என்னும் செய்தியை ஊரெங்கும் பரவச் செய்தான். புகழ்பெற்ற அமைச்சன் சொல்வதா, ஊர்பேர் தெரியாத வணிகன் சொல்வதா? ஊர் அமைச்சனையே நம்பியது. வணிகனோ நாள்தோறும் அரண்மனை அருகே நின்று தன் குறையைக் கூவிக்கொண்டேயிருந்தான்.

ஊரெல்லாம் கேட்ட அக்கூக்குரலை அரசி இராமதத்தை ஒருத்தியே கருத்தூன்றிக் கேட்டாள். “பித்தனாயின் நாளுக்கொன்று பேசுவான், இவனோ என்றும் ஒன்றையே மாறாமல் சொல்கிறான்” என்று ஐயுற்றாள். ஐயம் எழுந்தவுடன் அமைச்சனைக் கள்வன் என்று அவள் பறையறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனுடன் சூதாடி, அவனது முத்திரை மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளமாகக் காட்டித் தன் தோழி நிபுணமதி வாயிலாக மணிச் செப்பினை வரவழைத்தாள். அப்போதும் முடிவு கூறவில்லை. மன்னன் அம்மணிகளைத் தன் மணிகளோடு கலந்து வணிகன்முன் வைத்தான். வணிகன் தன்னுடையவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டான். உண்மை வெளிப்பட்டது. தண்டனையுற்ற அமைச்சன் மறுபிறப்பில் அரசனின் கருவூலத்திலேயே பாம்பாய்ப் பிறந்தான் என்கிறது புராணம்.

இக்கதையில் மூன்று பாடங்கள் உள்ளன. சொல்பவரின் புகழ் சொல்லுக்குச் சான்றாகாது. ஊரெல்லாம் சொல்வதும் சான்றாகாது. ஐயம் தோன்றுவது ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றித் தீர்ப்பு அன்று. ஓர் ஆசிரியை சொன்னாள் என்பதற்காக நம்பிய என் தெருவின் அம்மையாருக்கு முதற்பாடத்தை நான் முன்னரே சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ இரவுகள் வருந்தியிருக்கிறேன்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். “நம் சமயம் அநேகாந்தம் கூறுவது. எல்லார் கருத்திலும் உண்மை உண்டு என்பது. அவ்வாறாயின் ஒரு செய்தியைப் பொய் என்று ஒதுக்க நமக்கு என்ன உரிமை?” என்று படித்த இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். அநேகாந்தம் பொய்க்கு நிழல் தரும் மரம் அன்று. பொருள் பல தன்மைகளை உடையது. ஒரு நோக்கில் காண்பது நயம். தன் நோக்கே முழுமை என்று சொல்லிப் பிறவற்றை மறுப்பது துர்நயம். ஒரு திட்டத்தால் உழவர்க்கு நன்மை என்பவரும், நெசவாளர்க்குத் தீமை என்பவரும் இருவேறு நயங்களைப் பேசுகின்றனர். இருவரையும் கேட்கவேண்டும். ஆனால் நடவாததை நடந்தது என்பது எந்த நயத்திலும் அடங்காது. கருத்து வேறுபாட்டிற்கு அநேகாந்தம். கட்டிய பொய்க்குப் பிரமாணத்தால் மறுப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நன்ஞானம்.

கண்ணால் கண்டோமே என்றும் சிலர் கூறுவர். காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திர ஆசாரியர் ஆப்தமீமாம்சையில் செய்ததை நினைவுகூர வேண்டும். தேவர்கள் வந்து பணிவதும் வானில் உலவுவதும் மாயவித்தை செய்வோரிடமும் காணப்படும். ஆதலால் அவற்றைக் கண்டு மட்டும் இறைவனைப் பெரியோன் என ஏற்பதற்கில்லை என்று தொடங்குகிறார் அவர். அருகனின் மொழி நியாயத்தோடும் காட்சியோடும் முரண்படாமையை ஆராய்ந்த பின்னரே அவனை ஆப்தன் எனத் தெளிகிறார். இறைவனையே சோதித்து வணங்கிய மரபு நம்முடையது. செயற்கை நுண்ணறிவால் மறைந்த தலைவர்களின் உருவமும் குரலும் படைக்கப்பட்டு 2024-இல் தமிழக அரசியலில் வெளிவந்ததை நாமே கண்டோம். அவை இன்னவாறு செய்யப்பட்டவை என்று அறிவித்தே வெளியிடப்பட்டன. அறிவிக்காமலும் அவ்வாறு செய்யமுடியும் அல்லவா? ஆகவே கண்டதும் கேட்டதும் இனிச் சான்றின் தொடக்கமே.

மக்களாட்சிக்கும் இதற்கும் உள்ள உறவு யாது? வாக்கு என்பது அடைக்கலப் பொருள். குடிமக்கள் தம் அதிகாரத்தை ஐந்தாண்டுக் காலம் சிலரிடம் ஒப்படைத்து வைக்கிறார்கள். பொய்யுரைத்து அதனைப் பெறுபவன் பத்திரமித்திரனின் மணிகளைக் கவர்ந்த அமைச்சனுக்கு ஒப்பானவன். மேலே நான்காவதாகக் கூறிய நியாசாபகாரம் இதுவே. அடைக்கலத்தைப் பொய்யால் பெறுவது ஒரு தீமை. தேர்தலே பொய் என்று சான்றின்றிப் பரப்பி, மக்களை வாக்குச்சாவடிக்கே செல்லாமல் தடுப்பது மற்றொரு தீமை.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அன்றைய சபையில் எல்லாரும் வாக்களிக்கவில்லை. தகுதியுடையோர் பெயர்களைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையே இருந்தது. ஆயினும் அம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. குடத்தை அவையோர் காணத் தூக்கிக் காட்டவேண்டும். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்றுப் படிக்கவேண்டும். பின்னர் அங்குள்ள பிறரும் படிக்கவேண்டும். ஒருவர் சொல்லை மட்டும் நம்பவேண்டாம் என்பதே அதன் கருத்து.

இன்றைய முறையிலும் விரித்த உள்ளங்கைகள் பல உள. வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் காண மாதிரி வாக்குப்பதிவு நடைபெறுகிறது. நாம் பொத்தானை அழுத்தியபின் சின்னம் அச்சிட்ட சீட்டு ஏழு விநாடிகள் கண்ணாடி வழியே தெரிகிறது. பதிவான வாக்குகளின் எண்ணிக்கை 17-சி படிவத்தில் எழுதி முகவர்களிடம் தரப்படுகிறது. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுக்களை எண்ணி ஒப்பிடவேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவற்றில் குறை கண்டால் சான்றுடன் கேள்வி கேட்பது குடிமகனின் கடமை. சான்றின்றிப் பழி தூற்றுவோரே உண்மையான கேள்விகளையும் மதிப்பிழக்கச் செய்கின்றனர்.

இனி நாம் செய்யத்தக்கவை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதுபேராசிரியை ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார். கரும்பலகையில் நீ ஒரு பிழை எழுதினால் அது நாற்பது குறிப்பேடுகளில் ஏறிவிடும். பலகையைத் துடைத்தால் குறிப்பேடுகள் துடைபடா. நாற்பதையும் வாங்கித் திருத்து என்பார். என் தவறு தெரிந்தபின் அதனையே செய்தேன். அனுப்பிய செய்தியை அழித்ததோடு நில்லாமல், யார் யாருக்கு அனுப்பினேனோ அவர் ஒவ்வொருவரையும் அழைத்து, “நான் அனுப்பியது பொய், உண்மை இது” என்று கூறினேன். நாணமாகத்தான் இருந்தது. மூவர் நகைத்தனர். ஒருவர் தாமும் பிறர்க்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லித் திருத்த விரைந்தார்.

ஆதலால் ஐந்து நியமங்களை வேண்டுகிறேன். அச்சமோ சினமோ ஆசையோ நகையோ ஊட்டும் செய்தி வந்தால், ஒரு முறை பஞ்சநமஸ்காரம் சொல்லி முடிக்கும்வரை விரலை அசைக்காதிருங்கள். எங்கே, எப்போது, யார் கூறியது என்று கேளுங்கள், விடையில்லையேல் அனுப்பாதீர்கள். தேர்தல் பற்றிய ஐயங்களை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ 1950 என்னும் தொலைபேசி எண்ணிலோ தெளிவு பெறுங்கள். 2024 ஏப்ரலில் தேர்தல் ஆணையமே வதந்திகளையும் உண்மைகளையும் தொகுத்து ஒரு பதிவேடு வெளியிட்டது. நமக்கு உகந்த கட்சியைப் புகழும் செய்தியை இருமடங்கு ஆராயுங்கள். விருப்பே ஆராய்ச்சியின் முதற்பகை. தவறு நேர்ந்தால் தவறு சென்ற இடமெல்லாம் திருத்தத்தையும் அனுப்புங்கள், அதுவே பிரதிக்கிரமணம்.

கேட்பதிலும் கட்டுப்பாடு வேண்டும் என்பது நம் ஆகமம். பயனின்றித் தீமை விளைப்பதை விலக்கும் அனர்த்ததண்ட விரதத்தில், தீயவற்றைக் கேட்டலாகிய துச்சுருதியும் விலக்கப்பட்டுள்ளது. 2018-இல் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு எல்லை வகுத்தது. எல்லை வகுத்து வாழ்தல் நமக்குப் புதிதா? போகும் திசைக்கும் நுகரும் பொருளுக்கும் அளவு வகுத்துக்கொண்ட நாம், அனுப்பும் சொல்லுக்கும் அளவு வகுத்துக்கொள்ளலாகாதா?

அவ்வாண்டு தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 21, மகாவீரர் பிறந்த நன்னாள். ஜினாலயத்தில் அபிடேக நீரைத் துணியிட்டு வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். பல்லாண்டு கண்ட காட்சிதான். அன்று அத்துணியைப் பார்த்து நிற்கையில் என் கண்கள் கலங்கின. நீருக்கு இட்ட துணியைச் சொல்லுக்கும் இடுவோமாக. நம் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிப்போமாக. அடுத்த தேர்தலில் நம் தெருவில் வாழும் முதியோர் எவரும் பொய்ச் செய்தியை நம்பி வெயிலில் நின்று வெறுங்கையுடன் திரும்பாதிருக்க, பட்டியலில் அவர்தம் பெயரை இப்பொழுதே பார்த்து வைப்போமாக.

அனைத்துயிரும் இன்புறுக! அறம் வாழ்க!